ஏழாம் குழாயில் வெட்டிய அறுபத்து நான்கு சென்டிமீட்டர்

அன்புள்ள குட்டிம்மாவுக்கு அம்மா எழுதுவது.

உடம்பைப் பொறுத்தவரை நானும் அப்பாவும் நன்றாகவே இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே குளிருக்கு நன்றாகப் போர்த்திக்கொண்டு நேரத்துக்குச் சாப்பிட்டு அதே மாதிரி இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் தொடங்குகிறேன். மனசைப் பற்றி அப்படிச் சொல்வதற்கில்லை. போன ஞாயிற்றுக்கிழமை போனில் "ஏம்மா குரல் ஒரு மாதிரி இருக்கு" என்று கேட்டாய், தொண்டை கரகரப்பு என்றேன், அது பொய். அதற்கு முந்தைய ஞாயிறு பாத்திரம் கழுவ வேண்டும் என்று சீக்கிரம் வைத்தேனே, அதுவும் பொய், பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது. உன் குரல் காதில் விழுந்துகொண்டிருக்கும்போது என்னால் இதைச் சொல்ல முடியாது, அதனால்தான் கடிதம். கூரியரில் போட்டால் நாலு நாளில் உன் கைக்கு வந்துவிடும் என்கிறார்கள். இது மூன்றாவது முறை எழுதுவது, முதல் இரண்டையும் கிழித்துப் போட்டேன், இரண்டிலும் நாலு பக்கம் ஓடிய பிறகுதான் விஷயத்துக்கே வந்தேன். இந்த முறை எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன், நின்றுகொண்டு படித்தால் உட்கார்ந்துகொள். உன் ஆய்வேட்டில் ஏழு, எட்டு, ஒன்பது ஆகிய மூன்று அளவுக்குழாய்களில் ஆறு வருடத்துக்கு முன்பு தண்ணீர் மட்டம் திடீரென்று உயர்ந்ததாக ஒரு படம் போட்டிருக்கிறாயே, அந்த ஏற்றம் நடக்கவே இல்லை. தண்ணீர் ஏறவில்லை, குழாயின் தலையை வெட்டியிருக்கிறார்கள், அது தெரியாமல் நான் அளந்து எழுதியிருக்கிறேன். உன் படிப்பின் பெரிய அத்தியாயம் என்னுடைய தப்பின் மேல் உட்கார்ந்திருக்கிறது. எழுதிவிட்டேன். இனி எப்படி என்று சொல்கிறேன்.

மாப்பிள்ளையும் இதைப் படிப்பார், படிக்கட்டும். ஆஸ்பத்திரியில் ஊரார் வயிற்றுக்குள் இருப்பதைப் படம் எடுக்கிறவருக்குத் தரைக்குள் இருப்பது புரியாமல் போகாது, ஆனாலும் பார்க்கிற போதெல்லாம் "பூமிக்கு அடியில ஓடுற ஆத்தைத்தான அளக்கறீங்க அத்தை" என்று கேட்பார், நானும் ஆமாம் போட்டுவிட்டுப் போவேன். ஆறு ஒன்றும் இல்லை. இரண்டு பக்கமும் மலை, நடுவில் நம் பள்ளத்தாக்கு, அதற்கு அடியில் பெரிய பள்ளம், அந்தப் பள்ளம் நிறைய ஏதோ ஒரு காலத்து வெள்ளம் கொண்டுவந்து கொட்டிய கூழாங்கல்லும் மணலும். ஒரு வாளி நிறையக் கூழாங்கல்லைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே தண்ணீர் போய் உட்காருமே, நிலத்தடி நீர் என்பது அவ்வளவுதான். அந்தத் தண்ணீர் மேல்முனையிலிருந்து கீழ்முனைக்கு நகர்ந்துகொண்டே இருக்கிறது, நாளுக்கு ஒரு முழம் நகர்ந்தால் அதிகம். மேல்முனையில் மழையும் ஓடையும் நேராக உள்ளே இறங்கும். நடுப்பகுதியில் மட்டும் மலைக்கு மலை ஒரு களிமண் படலம் மூடி போட்ட மாதிரி கிடக்கிறது, அதற்குக் கீழே தண்ணீர் அழுத்தத்தோடு இருக்கும், மூடியைத் துளைத்துக் குழாயை இறக்கினால் தானாகவே குழாய்க்குள் ஏறி வந்து நிற்கும். நான் சொல்லும் மூன்றும் அப்படி இறக்கிய குழாய்கள். மாதம் ஒரு தடவை போய், இரும்பு டேப்பின் நுனியில் சாக்பீஸ் தேய்த்து உள்ளே விட்டு, பத்து மீட்டர் கோட்டைக் குழாயின் விளிம்பில் பிடித்துவிட்டு, வெளியே இழுத்து சாக்பீஸ் எதுவரை நனைந்திருக்கிறது என்று பார்ப்பேன். ஒரு மீட்டர் இருபத்தெட்டு நனைந்திருந்தால் தண்ணீர் எட்டு மீட்டர் எழுபத்திரண்டில் இருக்கிறது. எங்கிருந்து எட்டு எழுபத்திரண்டு என்றால் விளிம்பிலிருந்து. விளிம்பு அசையாது என்ற நம்பிக்கையில்தான் என் இருபத்து மூன்று வருடப் பதிவேடும் நிற்கிறது.

ஆறு வருடத்துக்கு முன்பு பள்ளத்தாக்கின் தலைப்பக்கம் இருந்த பழைய சரளைக்குழிக்குள் ஓடை வெள்ளத்தைத் திருப்பிவிட்டார்கள், குழி ஏரி மாதிரி நிரம்பியது. அடுத்த இரண்டு மாதத்துக்குள் என் பதிவேட்டில் மூன்று குழாயிலும் தண்ணீர் அரை மீட்டருக்கு மேல் ஏறியிருந்தது. குழிக்கும் குழாய்க்கும் நடுவே ஐந்து கிலோமீட்டர், நாளுக்கு ஒரு முழம் என்றால் அந்தத் தண்ணீர் வந்து சேர முப்பது வருடம் ஆகும். எங்கள் நிலத்தடி நீர் ஆபீஸில் எல்லோரும் தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது நீதான் எழுதினாய், வந்தது தண்ணீர் இல்லை, அதன் தள்ளல் என்று. நீர் நிரம்பிய ரப்பர் குழாயின் இந்த முனையை மிதித்தால் அந்த முனையில் உடனே சொட்டுவது போல, மூடிக்குக் கீழே அழுத்தம் வேகமாகப் போகும் என்று. உன் படிப்பில் பாதி எனக்குப் புரியாது, அந்த அத்தியாயம் மட்டும் நன்றாகப் புரிந்தது, புரிந்ததால் கண்டவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன், பல் பிடுங்கப் போன இடத்தில்கூட வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு சொன்னேன். இப்போதும் சொல்கிறேன், உன் விளக்கத்தில் தப்பே இல்லை, அழுத்தம் அப்படித்தான் போகும். விளக்குவதற்கு அங்கே ஒன்றும் நடக்கவில்லை, அதுதான் கொடுமை.

எப்படித் தெரிந்தது என்று கேட்பாய். அப்பா பிடித்துக்கொண்டு நடக்கிற நாலுகால் சட்டத்தில் ஒரு கால் விட்டுப்போய்விட்டது, இரண்டு வாரத்துக்கு முன்பு அதைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் இருக்கும் வெல்டரிடம் போனேன். உனக்கு அவரைத் தெரியாது, வாய் ஓயாத மனுஷன், கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டும் பேசிக்கொண்டே இருப்பார். உட்காருங்க என்று ஒரு முக்காலியை இழுத்துப் போட்டார். முக்காலி என்றால் மேலே ஒரு இரும்புத் தட்டு, கீழே நட்டுக்குத்தாக ஒரே ஒரு தடிக் குழாய், அதற்கு அடியில் மூன்று பாதம். உட்காரப் போனவள் குனிந்து பார்த்தேன். குழாயில் நீலப் பெயின்ட்டில் ஒரு அம்புக்குறி, அதன் பக்கத்தில் ஏழு என்று எண். அது என் கையெழுத்து குட்டிம்மா, ஏழுக்கு நடுவே நான் போடும் குறுக்குக்கோடு, வேறு யாரும் போட மாட்டார்கள். டேப்பை எந்த இடத்தில் பிடிக்க வேண்டும் என்பதற்கு நானே போட்ட அம்பு. இது எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "அதுவா, ரோடு போட்டப்ப வெட்டினதும்மா. லாரிக்காரங்க ரிவர்ஸ் எடுக்கறப்ப இடிக்குதுன்னு கான்ட்ராக்டர் வெட்டச் சொன்னாரு. மூணு இருந்துச்சு, ரெண்டை எங்கயோ போட்டுட்டேன், இது மட்டும் நல்லா உழைக்குது" என்றார். என் பையில் எப்போதும் டேப் இருக்கும், எடுத்து அளந்தேன். அறுபத்து நான்கு சென்டிமீட்டர். அவர் சட்டத்தின் காலை ஒட்டவைத்துக் கையில் கொடுத்ததும், நான் நன்றி சொன்னதும், வீட்டுக்கு நடந்து வந்ததும் எனக்கு ஞாபகமே இல்லை.

நீ நினைப்பாய், குழாய் குட்டையானது இவளுக்குக் கண்ணில் படவில்லையா என்று. பட்டது, அதைத்தான் சொல்ல வருகிறேன். அந்த மாதம் அப்பா படியில் விழுந்து இடுப்பெலும்பு ஆபரேஷன், நான் மூன்று வாரம் லீவு, அந்த மாத அளவு பதிவேட்டில் வெறும் கோடாக இருக்கும். திரும்பிப் போனபோது சாலையே மாறிப் போயிருந்தது, லாரி லாரியாக மண் கொட்டி உயர்த்தியிருந்தார்கள், குழாய்க்குப் பச்சைப் பெயின்ட் அடித்து மேலே புது மூடி போட்டிருந்தார்கள். என் நெஞ்சு உயரம் நின்ற குழாய் முழங்காலுக்கு வந்திருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா, காலடியில் கிடந்த புது மண்ணைப் பார்த்துவிட்டு, தரைதான் மேலே வந்துவிட்டது, குழாய் அதே குழாய்தான் என்று முடிவுகட்டினேன். மண் உயர்ந்தால் விளிம்புக்கு ஒன்றும் ஆகாது, அளவும் மாறாது, சரிதானே. உண்மையில் மண் ஒரு சாண்தான் உயர்ந்திருக்கிறது, மிச்சமெல்லாம் வெட்டு. புதுசாக வந்த பெண்ணாக இருந்தால் ஒன்றும் தெரியாமல் பயந்துபோய் ஆபீஸில் கேட்டிருப்பாள், எனக்கு எல்லாம் தெரியும் என்பதால் கேட்கவில்லை. ஏழாம் குழாயில் எட்டு எழுபத்திரண்டு இருந்தது எட்டு மீட்டர் எட்டு சென்டிமீட்டர் ஆனது, மற்ற இரண்டு குழாயிலும் அதே போல, நானும் சந்தோஷமாகத் தண்ணீர் ஏறியிருக்கிறது என்று எழுதினேன். இதில் என்னை அரிக்கிறது அது மட்டும் இல்லை. நீ கேட்டாய். ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த வருடம் போனில், "அம்மா அந்த மாசம் ஏன் கோடு போட்டிருக்க, குழாய்ல ஏதாவது மாறிச்சா" என்று கேட்டாய். நான் அடுப்பில் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு, "ஒண்ணும் மாறல, மண்ணுதான் கூடியிருக்கு, எனக்குத் தெரியாதா" என்று சொன்னேன். எனக்குத் தெரியாதா என்று சொன்னது அப்படியே காதில் நிற்கிறது.

மறுநாள் காலையில் ஆபீஸுக்குப் போகாமல் நேராக ஏழாம் குழாய்க்குப் போனேன். துண்டு வேறு எதற்கோ வெட்டியதாக இருக்கலாம், வெல்டர் கதை விடலாம் என்று மனசு ஏதேதோ சாக்குத் தேடிக்கொண்டே இருந்தது. டேப்பின் நுனியில் எடைகட்டிக் குழாயின் அடித்தரை வரை இறக்கினேன். குழாய் இறக்கிய அன்று எழுதிய ஆழம் முப்பத்தெட்டு மீட்டர் நாற்பது, இப்போது முப்பத்தேழு எழுபத்தாறு. கழித்துப் பார், அதே அறுபத்து நான்கு. அடியில் வண்டல் படிந்திருந்தால் என்று இன்னொரு சாக்கு. எட்டுக்குப் போனேன், ஐம்பத்தெட்டு குறைகிறது, ஒன்பதுக்குப் போனேன், எழுபத்தொன்று குறைகிறது, மூன்றும் உன் படத்தில் இருக்கும் ஏற்றத்தோடு சென்டிமீட்டர் பிசகாமல் பொருந்துகிறது. மறுபடி ஏழுக்கு வந்தேன். இப்படி அந்த வாரத்தில் மூன்று நாள் மாறி மாறி அதே மூன்று குழாயைச் சுற்றி வந்தேன், காலில் சக்கரம் கட்டின மாதிரி, வீட்டில் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை, அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்குப் போவேன், வாசலுக்கு ஏன் வந்தேன் என்று தெரியாமல் திரும்புவேன், பால் பொங்கி வழிந்திருக்கும். மூன்றாம் நாள் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டு நாலுகால் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அறைக்குள் இரண்டு சுற்று வந்தார். பிறகு, "யாருகிட்டயும் மூச்சு விடாத. புள்ளைக்கு இந்த வருஷம்தான் வேலை நிரந்தரம் ஆகுது. ஸ்பீடு மீட்டர் ஓடாத பஸ்ஸை நான் ரெண்டு வருஷம் ஓட்டினேன், யாருக்காவது தெரிஞ்சுதா" என்றார். எனக்கு வந்ததே கோபம். உங்க பஸ்ல ஏறினவங்க அவங்கவங்க இடத்துல இறங்கிப் போயிட்டாங்க, என் நம்பர்ல ஏறினவங்க இன்னும் உள்ளதான் உக்காந்திருக்காங்க என்று கத்திவிட்டேன். மறுநாள் நான் டேப்பை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது அவரும் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, சாலையோரம் ஒரு கல்லில் உட்கார்ந்து நான் சொல்லச் சொல்ல நோட்டில் எழுதினார். அவர் கையெழுத்து உனக்குத் தெரியுமே, ஆறும் எட்டும் ஒரே மாதிரி இருக்கும், வீட்டுக்கு வந்து நான் திருத்தினேன்.

இது ஆய்வேட்டோடு போகிற விஷயமாக இருந்தால் நான் அப்பா பேச்சைக் கேட்டு வாயை மூடிக்கொண்டிருப்பேனோ என்னவோ, உள்ளதைச் சொல்கிறேன். ஆனால் மூடிக்குக் கீழே நாலு ஆழ்குழாய் இறக்க புட்டித் தண்ணீர்க் கம்பெனி ஒன்று அனுமதி கேட்டிருக்கிறது, நடுப்பகுதியிலேதான். அவர்கள் மனுவில் உன் படத்தைப் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். சரளைக்குழியை நிரப்பினால் இரண்டே மாதத்தில் மட்டம் ஏறுகிறது, அதனால் எடுக்கிற தண்ணீரை எளிதாக ஈடுகட்டிவிடலாம் என்று எழுதியிருக்கிறார்கள். இருபத்தொன்றாம் தேதி அனுமதி கொடுக்கிற கமிட்டி கூடுகிறது. நீ எழுதியதை நீயே மறந்திருக்க மாட்டாய், மூடிக்குக் கீழே அழுத்தம் குறைந்துகொண்டே போனால் களிமண் நசுங்கும், ஒருமுறை நசுங்கின களிமண் மறுபடி உப்பாது, அது பிழிந்து கொடுத்த தண்ணீர் திரும்பி உள்ளே போகாது. என் திருத்தத்தைப் போட்டுப் பார்த்தால் ஏற்றமே கிடையாது, ஒரே இறக்கம், வருடத்துக்குப் பதினொரு சென்டிமீட்டர் வீதம் ஆறு வருடமாக இறங்கிக்கொண்டிருக்கிறது. ஏழாம் குழாயில் பதிவேடு எட்டு எழுபத்து நான்கு என்கிறது, உண்மை ஒன்பது முப்பத்தெட்டு.

உன் மாமாவிடம் போனதையும் சொல்ல வேண்டும். நாற்றுப்பண்ணையில் பாதி நிழல்வலைக்குக் கீழே இப்போது ஒன்றும் இல்லை, வெறும் தட்டுகள் அடுக்கிக் கிடக்கின்றன. ஐந்து வருடமாக அண்ணன் சொல்லிக்கொண்டிருக்கிறார், தண்ணி இறங்குது, பம்பு காத்தை இழுக்குது என்று, இரண்டு தடவை பம்பை இன்னும் ஆழத்துக்கு இறக்கிவிட்டார். நான் ஒவ்வொரு தடவையும் பதிவேட்டைக் கொண்டுபோய்க் காட்டி வாயை அடைத்திருக்கிறேன். உன் பம்பு பழசு, உன் குழாயில் மண் அடைச்சிருக்கு, தண்ணி ஆறு வருஷத்துக்கு முன்னாடி எங்க இருந்துதோ அங்கதான் இருக்கு என்று, கூடப்பிறந்தவர் என்றும் பார்க்காமல் நாலு பேர் எதிரில் சொல்லியிருக்கிறேன். இந்தத் தடவை நான் போய் நின்றதும் அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "கம்பெனிக்காரன் சம்மதக் கடிதம் கேட்டான், போட்டுக் குடுத்துடலாம்னு இருக்கேன். நீ அளந்து உன் பொண்ணு எழுதினா அதுக்கு மேல நான் என்னத்தைச் சொல்ல" என்றார். இத்தனை வருடம் சண்டை போட்டவர் அன்றைக்குப் பார்த்து என்னை நம்பிவிட்டார். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அங்கேயே தட்டுகளுக்கு நடுவே நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று பார்த்தேன். கையில் இருந்த நாற்றை மறுபடி தட்டில் வைத்தார், மண்ணை விரலால் அமுக்கினார், "அப்ப நான் சொன்னது சரிதான்" என்று மட்டும் சொன்னார். தட்டை ஓரமாக நகர்த்திவிட்டு, "புள்ளைகிட்ட சொல்லிட்டியா" என்றார். இல்லை என்றேன். "முதல்ல அவகிட்ட சொல்லு, அவ என்ன சொல்றாளோ அதுக்கப்புறம் ஆபீஸ். எனக்கு அவசரமில்ல" என்றார். பண்ணை பாதி காய்ந்து கிடக்கிறது, அவருக்கு அவசரமில்லையாம்.

அப்பாவும் மனசு மாறி அதையேதான் சொன்னார், அவளைக் கேட்டுக்கிட்டுச் செய் என்று. நானும் அப்படித்தான் நினைத்தேன், நினைத்துத்தான் முதல் இரண்டு கடிதத்தையும் எழுதினேன், கடைசிப் பக்கத்தில் நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டு முடித்திருந்தேன். கூரியர் உறையில் போட்டு ஒட்டப் போனவள் நிறுத்திவிட்டேன். நீ என்ன சொல்வாய், சொல்லிடு அம்மா என்பாய், எனக்கு உன்னைத் தெரியும், ஆனால் அதைச் சொல்வதற்கு முன்னால் நாலு நாள் உன் வேலையையும் மாமாவின் பண்ணையையும் மாற்றி மாற்றி நினைத்து நீ சாப்பிடாமல் கிடப்பாய். ஒருவேளை, இருபத்தொன்றாம் தேதி போகட்டும் அம்மா, என் வேலையை நிரந்தரமாக்கும் கமிட்டி முடியட்டும் என்று சொல்லிவிட்டால் நான் நிச்சயமாகக் காத்திருப்பேன், பெற்றவள்தானே. இரண்டில் எது நடந்தாலும் என் தப்பை உன் தலையில் இறக்கிவைத்ததாகிவிடும். அதனால் உன்னைக் கேட்கவில்லை. நேற்றுக் காலையில் பதிவேடு, அப்பா எழுதிய நோட்டு, வெல்டரிடம் கெஞ்சி வாங்கிய அந்தக் குழாய்த்துண்டு, எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு பொறியாளர் அறைக்குப் போய் மேஜையில் வைத்துவிட்டேன். துண்டைக் கொடுக்க வெல்டருக்கு மனசே இல்லை, உட்கார வேறு எதுவும் இல்லை என்றார், நம் வீட்டுப் பின்கட்டு நாற்காலியைக் கொடுத்துவிட்டு வாங்கி வந்தேன், அப்பா இன்னும் அந்த நாற்காலியைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

பொறியாளர் நல்லவர், வயசில் உன்னைவிடக் கொஞ்சம் பெரியவர். துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், நான் நின்றுகொண்டே இருந்தேன். "நீங்களா வந்து சொல்லாம, கிணறு அளக்கிற வேற ஆபீஸ்காரன் யாராவது கண்டுபிடிச்சிருந்தா என்னம்மா ஆகியிருக்கும்" என்றார். அது என் மனசில் ஏறவே இல்லை, எனக்கு வேறு ஒன்று வேண்டியிருந்தது. திருத்தப் பக்கத்தில் நான் எழுதியிருந்ததை அவர் சத்தமாகப் படித்தார். இதுதான் அது, வரிக்கு வரி எழுதுகிறேன், நீ தெரிந்துகொள்ள வேண்டும். ஏழு, எட்டு, ஒன்பது எண் குழாய்கள் சாலைப் பணியின்போது முறையே 64, 58, 71 சென்டிமீட்டர் வெட்டப்பட்டுள்ளன. விளிம்பின் உயரம் மாறியதை அளவீட்டாளராகிய நான் கவனிக்கத் தவறினேன். அன்றிலிருந்து இன்றுவரை உள்ள எல்லா அளவுகளோடும் மேற்படி எண்ணைக் கூட்டிக்கொள்ள வேண்டும். இந்த அளவுகளைப் பயன்படுத்திய ஆய்வாளர், குழாய்களில் ஏதேனும் மாற்றம் உண்டா என்று உரிய காலத்தில் என்னைக் கேட்டார். ஒன்றும் மாறவில்லை என்று நான் பதில் சொன்னேன். படித்து முடித்துவிட்டு அவர், "கடைசி ரெண்டு வரி எதுக்கும்மா, அது உங்க வீட்டு விஷயம்" என்றார். பதிவேட்டில் எங்கேயும் அம்மா என்றோ பொண்ணு என்றோ இல்லை சார், கேட்டவர் ஒருத்தர், தப்பாகச் சொன்னவர் ஒருத்தர், அந்த இரண்டு வரி இல்லாமல் நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். அவர் பேனாவை என் பக்கம் தள்ளினார், போட்டேன், கீழே அவரும் போட்டார். அந்தப் பக்கத்தின் நகலை இதோடு வைத்திருக்கிறேன், உன் கமிட்டியில் யாராவது ஏன் சரிபார்க்கவில்லை என்று கேட்டால் இதை எடுத்து வை.

உனக்கு எவ்வளவு வலிக்கும் என்று எனக்குத் தெரியும். நாலு வருடம் நீ ராத்திரி பகல் பார்க்காமல் உட்கார்ந்து எழுதியது, நான் ஒரு நிமிஷம் குனிந்து பார்த்திருந்தால் வேறு மாதிரி இருந்திருக்கும். மன்னித்துவிடு என்று எழுதிவிட்டு அடித்தேன், அதை நீ உடனே எனக்குக் கொடுத்துவிடுவாய், அவ்வளவு சுலபமாக எனக்கு வேண்டாம். மாப்பிள்ளை, அவளைத் தனியாக விடாதீர்கள், அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு கிடப்பாள், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், தட்டிக்கொண்டே இருந்தால் திறந்துவிடுவாள். இரண்டு பேரும் வெறும் வயிற்றோடு எதையும் முடிவு செய்யாதீர்கள். நீ எடுத்த காரியத்தில் நிமிர்ந்து நின்று, நல்ல பெயரோடு, நோய் நொடி இல்லாமல் நீண்ட காலம் இருக்க வேண்டும் என்று அப்பாவும் நானும் மாமாவும் வாழ்த்துகிறோம், மாமா இதைத் தனியாக எழுதச் சொன்னார்.

இருபத்தொன்றாம் தேதி காலை பத்து மணிக்கு அனுமதிக் கமிட்டியின் கூட்டம், மறந்துவிடாதே. அதற்கு முன்னால் நீ உன் பெயரில் அவர்களுக்கு ஒரு வரி எழுதுவதும் எழுதாததும் உன் இஷ்டம், நான் கேட்கவில்லை. ஆனால் எனக்கு போன் பண்ணு. கோபமாக இருந்தால் கோபமாகவே பேசு, நீ கத்தி முடிக்கும்வரை நான் குறுக்கே பேச மாட்டேன், அப்பாவிடமும் போனைக் கொடுக்க மாட்டேன். பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

இப்படிக்கு,
நீ கேட்டபோது பார்க்காமலே பதில் சொன்ன
உன் அம்மா